பச்சை வரட்டும்

அவனுக்கு ‘இலக்கணம்’ என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்குச் சொல்லிக்காட்ட வேண்டாம். எனக்கு வாய் நீளம். இருபது வருஷமாக ஒரு ஸ்டோர் ரூமின் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் நட்டுக்கும் போல்ட்டுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் வாய் நீளத்தான் செய்யும். அதற்காக அதை வைத்து ஒருவனைக் குத்திக்கொண்டே இருக்கலாமா என்று கேட்டால், கூடாதுதான். எனக்கு அது ஐம்பத்திரண்டாவது வயதில்தான் உறைத்தது.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி. ஒன்பது மெக்கானிக்குகள், ஒரு மேனேஜர், ஸ்டோருக்கு நான். அந்த ஒன்பது பேரில் அவன் ஒருவன். என்னைவிட ஆறு வயது சின்னவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அதனால்தான் அவன், இவன் என்று எழுதுகிறேன், மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. மற்றவர்கள் லிஃப்டைக் கண்ணால் பார்ப்பார்கள், இவன் காதால் பார்ப்பான். மொட்டை மாடி மெஷின் ரூமுக்குள் போனதும் கருவிப் பையைக்கூடத் திறக்க மாட்டான். மோட்டாருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, “என்னடா, என்ன ஆச்சு உனக்கு?” என்று கேட்பான். அப்படியே ஐந்து நிமிஷம். பிறகு எழுந்து, இந்தப் பேரிங் பதினைந்து நாள் தாங்கும் என்பான். பதினாறாம் நாள் அது போய்விடும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவன் பார்த்த கட்டடங்களில் ஒரு குழந்தையின் விரல்கூடக் கதவில் நசுங்கியதில்லை. இதை அவனே பெருமையாகச் சொல்ல மாட்டான், நாங்கள்தான் சொல்லுவோம்.

முன்பெல்லாம் ஒவ்வொரு மெஷின் ரூமிலும் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். பார்த்ததை நம் பாஷையில் நாலு வரி கிறுக்கிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நோட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள். இனி ரிப்போர்ட் எல்லாம் அதில்தான், அதுவும் இங்கிலீஷில்தான். அனுப்பு என்று அழுத்தினால் மேனேஜருக்கும் போகும், அந்தந்தக் கட்டடத்து ஆபீசுக்கும் போகும். கூடவே ஒரு சட்டமும் வந்தது. ரிப்போர்ட் நம்பர் இல்லாமல் எந்த லிஃப்டையும் நிறுத்தக் கூடாது, ரிப்போர்ட் நம்பர் இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒரு வாஷர்கூட வெளியே போகக் கூடாது. “வாயால சொன்னா சொல்லாத மாதிரிதான்” என்று மேனேஜர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

இவன் படித்தது எட்டாவது. மற்றவர்களும் பெரிய மேதைகள் இல்லை, ஆனால் அவர்களெல்லாம் ஏற்கெனவே அனுப்பிய ரிப்போர்ட்டையே தேதியை மாற்றித் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவனுக்கு அது ஒத்துவரவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும் இவனுக்கு. அதில்தான் மாட்டிக்கொண்டான்.

எட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்று அவன் பொறுப்பில் இருந்தது. அங்கே சாமான் ஏற்றுகிற சர்வீஸ் லிஃப்டில் மோட்டார் ஈனஸ்வரத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. அதை எங்கள் ஆட்கள் ‘மோட்டார் அழுவுது’ என்பார்கள். இந்தத் தொழிலில் யாரும் வேறு மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை. இவன் அதை அப்படியே இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டான். ஐந்தாவது மாடியில் மோட்டார் அழுகிறது, நான் எண்ணெய் கொடுத்தேன், இப்போது அழுவதில்லை. அந்தக் கட்டடத்து நிர்வாகி கொஞ்சம் குசும்புக்காரர். ‘பாவம், வீட்டில் என்ன பிரச்சினை என்று விசாரித்தீர்களா?’ என்று பதில் போட்டு, அதை எங்கள் மேனேஜருக்கும் அனுப்பி வைத்தார்.

திங்கட்கிழமை காலை எங்களுக்கு மீட்டிங். சுவரில் பெரிய திரை. மேனேஜர் அந்த ரிப்போர்ட்டையும் பதிலையும் பெரிசாகப் போட்டுக் காட்டினார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அதிகமாகச் சிரித்தது நான். சிரித்ததோடு விட்டேனா? “சும்மா சொல்லக்கூடாது சார், இங்கிலீஷ் இலக்கணத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்கான் தம்பி! இனிமே இவன் பேரே இலக்கணம்தான்” என்றேன். அவனும் சிரித்தான். ஆனால் முதலில் நின்றது அவன் சிரிப்புதான்.

மேனேஜர் மட்டும் கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, “இது ஒண்ணு. மூணு கம்ப்ளெயின்ட் வந்தா லைன் வேலையிலேருந்து எடுத்துக் குடோனுக்கு அனுப்பிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றார். குடோன் என்றால் கேபிள் உருளைகளை உருட்டுகிற வேலை. அங்கே கேட்பதற்கு மோட்டார் கிடையாது. இரண்டு மாதத்தில் இரண்டாவது கம்ப்ளெயின்டும் வந்தது, வேறொரு கட்டடத்திலிருந்து, இதே மாதிரி ஒரு வாக்கியத்துக்காக. பாக்கி இருந்தது ஒன்று.

அன்றிலிருந்து மனுஷன் போனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் நிழல் பார்த்துக் கண்ணயர்வார்கள், இவன் மெஷின் ரூமில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் கேட்பான். மொட்டை மாடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்குமாம். ஒரு வலைத்தளத்தில் தினமும் பத்துக் கேள்வி. சரியாகச் சொன்னால் நட்சத்திரம், ஒரு நாள் தவறினால் சேர்த்த நட்சத்திரமெல்லாம் போச்சு. இன்னொன்றில் யார் வேண்டுமானாலும் சந்தேகம் கேட்கலாம், உலகத்தில் எங்கிருந்தோ யாரோ பதில் சொல்வார்கள். யூடியூபில் மஞ்சள் பலகைக்கு முன்னால் நின்று பாடம் நடத்துகிற ஒரு டீச்சரம்மாவை இவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

“அக்கா, அந்தம்மா யாரையும் திட்டறதே இல்லக்கா. தப்பாப் போட்டாலும் ‘பரவாயில்லை, இன்னொரு தடவை பார்ப்போம்’ங்கறாங்க” என்றான் ஒரு நாள், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று.

“பின்னே? போனுக்குள்ளேருந்து கையை நீட்டிக் காதைத் திருகவா முடியும்?” என்றேன் நான். அவன் சிரித்துவிட்டுப் போனான். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு வாயில் வரவில்லை.

அவனுக்கு ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷம். மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறாள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது எதற்கு இத்தனை பாடு என்று நான் கேட்டேன். ஒரு தடவை மகளிடம் ரிப்போர்ட்டைக் காட்டினானாம். அவள் ஒரு நிமிஷத்தில் மளமளவென்று திருத்திக் கொடுத்துவிட்டு, “என்னப்பா இது, இதுகூடத் தெரியாமயா இத்தனை வருஷம் வேலை பார்த்தீங்க?” என்றாளாம். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டாள். பரீட்சை நேரம், அவசரத்தில் வாயில் வந்திருக்கும். அதற்கப்புறம் இவன் அவளிடம் காட்டவே இல்லை. அவளே மனசு கேட்காமல், பிழை பார்த்துச் சொல்கிற ஒரு தளத்தை அவன் போனில் தன் மின்னஞ்சல் முகவரியில் திறந்து கொடுத்தாள். “இதுல போட்டாப் போதும்ப்பா, அதுவே சொல்லிடும்” என்று.

அந்தத் தளம்தான் அவனைப் பிடித்த பேய். எழுதியதை அதில் போட்டால் தப்பான இடமெல்லாம் சிவப்புக் கோடு விழும், மேலே நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். எல்லாம் சரியாக இருந்தால் நூறும், பெரிசாக ஒரு பச்சை டிக்கும். காசு கட்டாதவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவைதான். சிவப்பு விழுந்தால் எங்கே தப்பு என்று காட்டும், ஏன் தப்பு என்று சொல்லாது. அதற்கும் காசு கட்ட வேண்டும். இவன் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, டீச்சரம்மாவின் பழைய பாடங்களில் தேடிப் பார்த்து, திருத்தி, மறுபடி போடுவான். லிஃப்ட் தொழிலில் புழங்குகிற வார்த்தைகள் பாதி அந்தத் தளத்துக்குத் தெரியவே தெரியாது. அதற்கெல்லாம் சிவப்பு விழும். அதைச் சுற்றி வளைத்து வேறு வார்த்தையில் எழுதுவான்.

நூறு வராமல் எதையும் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டான். லீவு லெட்டரைக்கூட அப்படித்தான். “இலக்கணம், ரிப்போர்ட் போட்டாச்சா?” என்று யாராவது கேட்டால், “பச்சை வரட்டும், அனுப்பிடறேன்” என்பான். ஐந்து நிமிஷ வேலை அரை நாள் ஆனது, சில சமயம் ஒரு நாள். எதுவும் தலைபோகிற விஷயமாக இல்லாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் ஒரு கம்ப்ளெயின்டும் இல்லை. ஒரு திங்கட்கிழமை மேனேஜரே அவனுடைய ரிப்போர்ட்டைத் திரையில் போட்டு, “பாருங்கப்பா, இப்படி எழுதணும்” என்றார். அன்றைக்கு அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவ்வளவு சந்தோஷம். நான், “அடேயப்பா, இனிமே நம்மகிட்டல்லாம் பேசுவியா?” என்றேன். நிஜமாகவே எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த எட்டு மாடிக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற அம்மா ஒருத்தி உண்டு. எப்போதும் இரண்டு வாளியோடு நடமாடுவதால் எல்லோருக்கும் அவள் வாளியம்மா. ஒரு திங்கட்கிழமை அவன் அங்கே போனபோது அவள்தான் அவனை வழிமறித்தாள்.

“மெக்கானிக்கு தம்பி, இந்த லிஃப்டு நின்ன எடத்துல நிக்க மாட்டேங்குது. ஒரு வாளியை வெளிய வச்சுட்டு அடுத்ததை எடுக்கறதுக்குள்ள ஒரு சாண் மேல ஏறிடுது. பேய் கீய் பிடிச்சிருக்கா பாரு.”

அவன் மேலே போய்ப் பார்த்தான். பேய் ஒன்றும் இல்லை, பிரேக் லைனிங் தேய்ந்து காகிதமாகியிருந்தது. லிஃப்ட் நின்ற இடத்தில் அதைப் பிடித்து வைப்பது பிரேக்தான். லிஃப்டுக்குள் ஆள் குறைவாக இருந்தால் மறுபக்கத்து எடைக்கட்டி கீழே இழுக்கும், லிஃப்ட் மேலே வழுக்கும். அவன் ஸ்பிரிங்கை முறுக்கி இறுக்கினான். பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தான், நின்றது. ஒரு வாரம் ஓடும் என்று நினைத்தான். அவன் நினைத்தால் அப்படியே நடக்கும் என்றுதான் நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

“பார்த்து இறங்குங்கம்மா. எழுதி அனுப்பிடறேன், புதுசு மாத்திடலாம்” என்று வாளியம்மாவிடம் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து எழுதினான். தளத்தில் போட்டான். ஐம்பத்தி நாலு வந்தது. இந்த ரிப்போர்ட் போகப்போவது அந்தக் குசும்புக்கார நிர்வாகிக்கு. மூன்றாவது கம்ப்ளெயின்ட் வந்தால் குடோன். ஐம்பத்தி நாலை எப்படி அனுப்புவான்? அன்றைக்கு இன்னும் இரண்டு தடவை போட்டான், அறுபத்தெட்டு வரைக்கும் வந்தது.

மறுநாள் காலை அந்தத் தெரு வழியாகப் போனவனை வாளியம்மா வாசலில் நின்று கேட்டாளாம், “எழுதிட்டியா தம்பி?” என்று. “எழுதிட்டேம்மா” என்றான். எழுதியதென்னவோ உண்மை.

அன்று மத்தியானம் என் கம்பிவலைக்கு வந்தான்.

“அக்கா, அந்த எட்டு மாடி சர்வீஸ் லிஃப்டுக்கு பிரேக் லைனிங் ஒரு ஜோடி வேணும்.”

“ரிப்போர்ட் நம்பர்?”

“இன்னும் அனுப்பலக்கா. எண்பத்தொண்ணு வந்திருக்கு, இன்னிக்கு மூணு தடவையும் தீந்துபோச்சு. நாளைக்கு அனுப்பிடறேன். நீங்க இப்பக் குடுத்தீங்கன்னா போய் மாட்டிடுவேன், ஒரு மணி நேர வேலை.”

“நல்ல கதையா இருக்கே! நம்பர் இல்லாமக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போகவா? இலக்கணமெல்லாம் படிச்ச ஆளு, சட்டம் தெரியாதா?”

“கொஞ்சம் அவசரம்க்கா” என்றான்.

இந்த வார்த்தை எனக்குக் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ரிஜிஸ்டரில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். “அவசரம்னா அனுப்பு. தப்போ சரியோ அனுப்பிட்டு வா” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, “பச்சை வரட்டும்” என்றேன், அவன் குரலிலேயே, கேலியாக. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் ஒரு நிமிஷம் என் தோளுக்கு மேலாகப் பார்த்தான். லைனிங் பெட்டி மூன்றாவது தட்டில், அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. “சரிக்கா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமை சாயங்காலம் தொண்ணூற்றி ஆறு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நாலு தெரு தள்ளி வேறொரு கட்டடத்தின் மொட்டை மாடியில் உட்கார்ந்து பத்தாவது தடவை போட்டான். தொண்ணூற்றி எட்டு. ஒரே ஒரு வார்த்தைக்குக் கீழே சிவப்பு. அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

வாளியம்மா மூன்றாவது மாடியில் ஒரு வாளியை வெளியே வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்திருக்கிறாள். லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே மேலே ஏறியது. இவள் வெளிப்பக்கமாக விழுந்தாள், கால் உள்ளே மாட்டிக்கொண்டது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. உயிர் பிழைத்தாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான். பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது. மூன்று நாள் அங்கேயே கிடந்தான் என்று அவன் மனைவி சொன்னாள். மூன்றாம் நாள்தான் உள்ளே விட்டார்களாம். வாளியம்மா சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. “எழுதிட்டேன்னியே தம்பி” என்று மட்டும் கேட்டாளாம்.

அடுத்த வாரம் விசாரணை. லிஃப்ட் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். எங்கள் மீட்டிங் அறையில்தான், அதே திரைக்கு முன்னால்தான் நடந்தது. மேனேஜர், அந்தக் கட்டடத்து நிர்வாகி, அவன், பொருள் கணக்கு கேட்டால் காட்டுவதற்காக ரிஜிஸ்டரோடு நான்.

மேனேஜர், தனக்கு ரிப்போர்ட் எதுவும் வரவில்லை என்றார். நிர்வாகியும் அதையே சொன்னார். இரண்டுமே உண்மை. திங்கட்கிழமை அவன் அங்கே போனதாகப் பதிவு இருக்கிறது, ஆனால் ரிப்போர்ட் இல்லை. அப்படியானால் அவன் மேலே ஏறாமலே போய்விட்டான், கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் சுற்றினான் என்று பேச்சு போனது. ஆய்வாளர் அவனிடம் இரண்டு தடவை கேட்டார், “பார்த்தீங்களா, இல்லையா?” என்று. அவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அவன் மகள் உள்ளே வந்தாள். வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கையில் லேப்டாப்.

“எங்கப்பா பார்த்தாரு சார். வேலையை ஏமாத்தறவர் இல்ல அவர். பார்த்தாரு, அன்னிக்கே எழுதினாரு. எல்லாம் என்கிட்ட இருக்கு, என் கணக்குலதான் எழுதுவாரு.”

“வேணாம்மா” என்றான் அவன். அந்த அறையில் அவன் வாயைத் திறந்தது அப்போதுதான்.

“நீங்க சும்மா இருங்கப்பா. உங்களைப் போய் ஊர் சுத்தினீங்கன்னு சொல்றாங்க, கேட்டுக்கிட்டு நிக்கறீங்க” என்றாள். லேப்டாப்பைத் திரையில் இணைத்தாள். அந்தத் தளம் எதையும் அழிக்காமல் வைத்திருந்தது. ஒன்றன் கீழ் ஒன்றாகப் பத்து வரைவுகள், ஒவ்வொன்றுக்கும் நாள், மணி, மதிப்பெண். ஐம்பத்தி நாலில் தொடங்கித் தொண்ணூற்றி எட்டு வரைக்கும்.

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “முதல்ல எழுதினதைத் திறம்மா” என்றார்.

திறந்தாள். நாலே வாக்கியம். திரை முழுக்கச் சிவப்புக் கோடு. ஆய்வாளர் அதை நம் பாஷையில் சொல்லிப் படித்தார். பிரேக் தேய்ந்துவிட்டது. லிஃப்ட் மேலே வழுக்குகிறது. துடைக்கிற அம்மாவுக்கு ஆபத்து. தயவுசெய்து லிஃப்டை நிறுத்துங்கள்.

“நேரம்?”

“திங்கக்கிழமை காலைல பதினொண்ணே கால் சார்” என்றாள் மகள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அப்பாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவி மகள்.

ஆய்வாளர் மேனேஜர் பக்கம் திரும்பி, “இது உங்களுக்குப் புரியுதா?” என்று கேட்டார். மேனேஜர் புரியுது என்றார். நிர்வாகியைக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, புரியுது என்றார். என்னைக்கூடக் கேட்டார். எனக்கும் புரிந்தது.

கடைசியில் அவனைப் பார்த்தார். “எல்லாருக்கும் புரியுதே. அப்புறம் ஏன் அனுப்பல?”

“தப்பு இருந்துச்சு சார்” என்றான் அவன்.

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் அவன் பார்க்காமல் விட்டவன், அலட்சியக்காரன், அவ்வளவுதான். இப்போது ஆபத்து தெரிந்தும் மூன்று நாள் சொல்லாமல் வைத்திருந்தவன். மகளுக்கு அது மெல்லத்தான் உறைத்தது. திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். மூடி என்ன பிரயோஜனம்?

“வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. செவ்வாய்க்கிழமை அவன் ஸ்டோருக்கு வந்ததும், அவசரம் என்றதும், நான் கேலி பண்ணித் திருப்பி அனுப்பியதும் எந்தத் தளத்திலும் பதிவாகவில்லை. அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மறுபடி தலையைக் குனிந்துகொண்டான். நான் சொல்லியிருக்க வேண்டும். ஊர் உலகத்தையெல்லாம் பேசித் தீர்க்கிற இந்த வாய் அன்றைக்குப் பூட்டுப் போட்ட மாதிரி மூடிக்கொண்டது. ஓய்வு பெற எனக்கு ஆறு வருஷம் பாக்கி. அதைத்தான் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அதைத்தான் நினைத்தேன்.

அவன் மெக்கானிக் உரிமத்தை ரத்து செய்தார்கள். வேலை போனது. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ‘முறையாக அறிவிக்கத் தவறியவர்’ என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. எழுத்துக்காக அவனைத் திரையில் போட்டுச் சிரித்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. வாளியம்மாவுக்கு இன்னும் செயற்கைக் கால் பொருத்தவில்லை, புண் ஆறட்டும் என்கிறார்களாம்.

போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவன் ஜன்னல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. “பேரிங் போகப்போகுதுக்கா. அவங்ககிட்ட சொல்லணும்” என்றான். “சொல்லேன்” என்றேன். “சொல்லணும்” என்றான் மறுபடியும். எழுந்திருக்கவில்லை. நான் எதைச் சொல்லப் போனேனோ அதை நானும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மகள் பின்னால் வந்தாள். போனை நீட்டினாள். அந்தத் தளம் வாரா வாரம் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறதாம். பூங்கொத்துப் படமெல்லாம் போட்டு வந்திருந்தது: ‘வாழ்த்துகள்! இந்த வாரம் நீங்கள் ஒரு பிழைகூடச் செய்யவில்லை.’

“அப்பா எதுவுமே எழுதறதில்ல அத்தை” என்றாள். “இதை நிறுத்தறதுக்கு எங்க அழுத்தணும்னு எனக்குத் தெரியும். ஆனா அழுத்த முடியல.” அழுதாள். நான் அவள் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். அத்தை என்று கூப்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். செவ்வாய்க்கிழமை, மத்தியானம், மூன்றாவது தட்டு, அவசரம் என்ற வார்த்தை, என் கேலி, எல்லாம் ஒன்று விடாமல். நம் பாஷையில்தான் எழுதினேன், அவருக்கு நன்றாகவே புரியும். இரண்டு தடவை படித்துப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. உறையில் போட்டு ஒட்டி, முகவரியும் எழுதி, மேஜை டிராயரில் வைத்தேன்.

மூன்று வாரம் ஆகிறது. இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.